கெட்டி ஆயிலா, கையேட்டில் சொன்ன ஆயிலா: ஏழு மாதங்களில் மூன்று முறை மாற்றிப் பார்த்தது

வியாசர்பாடியிலிருந்து செங்குன்றத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் என் 100 சிசி ஸ்பிளெண்டரில் மூன்று வகை ஆயிலை ஊற்றி ஓட்டி, ஓடோமீட்டர் கணக்கோடு நோட்டில் குறித்து வந்தேன்.

38,200 கி.மீ.: வழக்கமான கடை பூட்டியிருந்ததால் வேறொரு பட்டறையில் ஆயில் மாற்றினேன். அங்கே ஊற்றியது காருக்கான 5டபிள்யூ-30 (ஆயில் எவ்வளவு கெட்டி என்று டப்பாவில் காட்டும் எண் இது). நான்காம் நாள் மூலக்கடை மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் இரைச்சல் கூடியதே தவிர வண்டி வேகம் எடுக்கவில்லை. பின்னால் கன்டெய்னர் லாரி நெருங்கி வர, ஓரம் கட்டி நிறுத்திய அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பைக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஊற்றுவது ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டுகளும் அதிலேயே ஊறிக் கிடக்கின்றன. எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்த்த கார் ஆயில், பிளேட்டுகள் ஒன்றையொன்று பற்றவிடாமல் வழுக்கச் செய்துவிடும். டப்பாவில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று இருந்தால் கியர் வண்டிக்கு அதை வாங்க வேண்டாம். ஜப்பானியத் தரமான ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ குறியைத்தான் தேட வேண்டும். ‘எம்பி’ என்பது கியரில்லாத ஸ்கூட்டருக்கு உரியது.

38,450 கி.மீ.: தெருமுனை மெக்கானிக் அண்ணன், “நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தம்பி தாங்கும்” என்றார். அவர் பேச்சில் நம்பிக்கை வைத்து எம்ஏ2 குறியுள்ள 20டபிள்யூ-50 ஊற்றினேன். இரண்டு நாள்களில் கிளட்ச் வழுக்கல் நின்றது. ஆனால் காலையில் வண்டி எடுத்ததும் முதல் ஐந்து நிமிடம் இழுவை கனமாக இருந்தது. டேங்க் நிரப்பி நிரப்பி மூன்று முறை கணக்கிட்டதில் லிட்டருக்கு 56 கி.மீ. வந்தது.

வெயிலுக்குக் கெட்டி ஆயில் என்பதை அதன் பிறகுதான் ஊன்றி யோசித்தேன். ஆயில் எண்ணில் இரண்டாவதாக வரும் 30, 50 ஆகியவற்றுக்கான பாகுநிலையை, அதாவது கெட்டித்தன்மையை, அளப்பதே வெளிவெயிலில் அல்ல, 100 டிகிரி செல்சியஸில்தான். அந்தச் சூட்டில் 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையின் அலகு) வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. காற்றால் குளிரும் இன்ஜினுக்கு வெளிவெயில் ஒரு பொருட்டே அல்ல என்று நான் சொல்லவில்லை. இந்திய வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கையேட்டில் 10டபிள்யூ-30 என்று எழுதியிருக்கிறார்கள். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கானது: 10டபிள்யூவை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூவை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். அந்தக் குளிர் சென்னைக்கு வரப்போவதில்லை. ஆனாலும் மார்கழிக் காலையில் வண்டியை உதைத்தவுடன் சிலிண்டர் தலைக்கு முதலில் போய்ச் சேர்வது மெல்லிய ஆயில்தான்.

41,000 கி.மீ.: கையேட்டில் உள்ளபடி, எம்ஏ குறியுள்ள 10டபிள்யூ-30. இம்முறை நானே வீட்டு வாசலில் மாற்றினேன். மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, 17-ஆம் எண் ஸ்பானரால் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றினேன். கறுப்பாக, எரிந்த வாடையோடு கொட்டிய ஆயில் சொட்டுச் சொட்டாகக் குறைந்து நிற்கும்வரை கால் மணி நேரம் காத்திருந்தேன். போல்ட்டின் வாஷர் நசுங்கித் தட்டையாகியிருந்ததால் புதிதாக ஒன்று போட்டேன். இதில் கஞ்சத்தனம் காட்டினால் கசிவு நிச்சயம். புதிய ஆயில் 900 மில்லி ஊற்றி, இன்ஜினைச் சற்று ஓட்டி நிறுத்தி, மூன்று நிமிடம் பொறுத்து அளவு பார்த்தேன். ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் திருகாமல், துளையில் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரிந்து, ஆயில் போதவில்லை என்பதே தெரியாமல் போகும்.

இப்போது லிட்டருக்கு 59 கி.மீ. கிடைக்கிறது, கியரும் மென்மையாக விழுகிறது. செங்குன்றம் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்வதால், கையேடு சொல்லும் தூரம் முடியும்வரை காத்திருக்காமல் 2,500 கி.மீ. தாண்டியதும் ஆயிலின் நிறத்தை வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்க்கிறேன்.

வடித்த ஆயிலைக் கால்வாயில் ஊற்ற மனம் வரவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துக் கிடந்ததைப் பார்த்த ஊர் இது. பழைய தண்ணீர் கேனில் அடைத்து, மெக்கானிக் அண்ணன் கடையின் கழிவு ஆயில் டிரம்மில் சேர்த்துவிட்டேன்.

43,600 கி.மீ.: துணியில் இன்னும் பழுப்பு நிறம்தான். 44,000-இல் அதே 10டபிள்யூ-30, புது வாஷரோடு.