அப்பாவின் 4 ஜிபி பெட்டி

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய பழைய ஹார்டு டிஸ்க்கில் 4 ஜிபி அளவில் ஒரே ஒரு ஃபைல். 2012-இல், ஃபைல்களைப் பூட்டி வைக்கும் மென்பொருளான ட்ரூகிரிப்ட் 7.1ஏ-வில் அந்தப் பூட்டிய பெட்டியை அவருக்குச் செய்து கொடுத்தது நான்தான். ஊரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றார். அப்புறம் பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோவிலில் அவர் தேவாரம் பாடிய பதிவுகளையும் அதிலேயே போட்டு வைத்திருந்தார். போன மாதம் அம்மா, "அந்தப் பிரதோஷத்தன்னிக்குப் பாடினதை மட்டும் எடுத்துக் குடுடி" என்று கேட்டார்.

பாஸ்வேர்ட் எனக்கு மனப்பாடம். ட்ரூகிரிப்ட்டின் வாரிசான வெராகிரிப்ட்டின் புது வெர்ஷனில் அடித்தேன். பாஸ்வேர்ட் தவறு, அல்லது இது வால்யூமே (பூட்டிய பெட்டியே) இல்லை என்றது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். அப்பாவின் குரல் அதற்குள் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. அழுகையே வந்துவிட்டது.

அந்தச் செய்தி ஏன் அப்படி மழுப்புகிறது என்பது அன்று இரவுதான் புரிந்தது. இந்த வகை ஃபைலில் அடையாளம் எதுவும் வெளியே தெரியாது. தலைப்பகுதியில் சால்ட் எனப்படும் 64 பைட் தற்செயல் எண்கள் போக மற்றதெல்லாம் மறையாக்கத்துக்குள். நிரல் ஒவ்வொரு மறையாக்க முறையாக மறைநீக்கிப் பார்த்து, உள்ளே நான்கு எழுத்து அடையாளம் தெரிகிறதா என்று தேடும். ட்ரூகிரிப்ட்டுக்கு ஓர் அடையாளம், வெராகிரிப்ட்டுக்கு வேறு. கிடைக்காவிட்டால் பாஸ்வேர்ட் தவறா, ஃபைலே வேறா என்று அதற்கே தெரியாது.

ட்ரூகிரிப்ட் 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. அதிலிருந்து பிரிந்து வந்த வெராகிரிப்ட் பழைய பெட்டிகளையும் திறந்துகொண்டிருந்தது. 1.25.9-தான் அந்த வசதி இருந்த கடைசி வெர்ஷன். 1.26-இல் எடுத்துவிட்டார்கள். நான் போட்டிருந்தது 1.26.

அப்பாவின் பாஸ்வேர்டை அடிக்கப்போகும் நிரல் என்பதால் சோர்ஸிலிருந்தே கட்ட முடிவு செய்தேன். 1.25.9 சோர்ஸை இறக்கி, அது அசல்தானா என்று கையொப்பத்தை ஜிபிஜி என்ற கருவியில் சரிபார்த்து, நிரலைக் கட்டும் மேக் கட்டளையை அடித்தேன். யாஸ்ம் என்ற அசெம்பிளர் இல்லை என்று நின்றது. போட்டேன். அடுத்து, பெட்டியை டிஸ்க் போலக் காட்ட உதவும் ஃபியூஸ் நிரலகத்தின் ஹெடர் ஃபைல் இல்லை. இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். இது கேட்பது பழைய ஃபியூஸ் 2. உபுண்டு 22.04-இல் ஃபியூஸ் என்ற பேக்கேஜையே போட்டால் ஃபியூஸ் 3-ஐத் தூக்கிவிட்டு டெஸ்க்டாப்பையும் கெடுத்துவிடும். லிப்ஃபியூஸ்-டெவ் மட்டும் போடுங்கள், போதும். எனக்கு ஜன்னல், பட்டன் எதுவும் தேவையில்லை. அதனால் வெராகிரிப்ட் சார்ந்திருக்கும் விஎக்ஸ்விட்ஜெட்ஸ் நிரலகத்தின் சோர்ஸைத் தனியாக அவிழ்த்து, அதன் இடத்தைக் காட்டி, டெர்மினலில் மட்டும் ஓடும்படி கட்டினேன். பில்ட் ஆகிவிட்டது.

ட்ரூகிரிப்ட் முறை என்று தனியாகச் சொல்லித் திறந்தேன். அதைச் சொல்லாவிட்டால் 1.25.9-உம் கைவிரித்துவிடும். சொல்லியும் அதே பதில்.

மிச்சம் இருந்தது கீஃபைல், அதாவது பாஸ்வேர்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய சாவி ஃபைல். கோபுரத்தின் போட்டோ ஒன்றை அப்பா அதற்கு வைத்திருந்தார். நான் கொடுத்துக்கொண்டிருந்தது என் போனில் இருந்த பிரதி, மெசேஜ் ஆப் வழியாகத் தம்பி அனுப்பியது. ஆப் அதைச் சுருக்கியிருக்கிறது. பார்க்க அதே கோபுரம்தான், ஆனால் பைட்டுகள் வேறு. கீஃபைலின் முதல் 1 எம்பி-யில் ஒரு பிட் மாறினாலும் சாவி பொருந்தாது. பீரோவில், நகைக்கடை மஞ்சள் பைக்குள் அப்பாவின் கேமரா கார்டை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதில் அசல் போட்டோ இருந்தது. பெட்டி திறந்தது.

மறுநாள் ஆபீஸில் ஒருவர் சொல்லித்தான் தெரியும்: லினக்ஸில் பூட்டிய டிஸ்க்குகளைத் திறக்கும் கிரிப்ட்செட்டப் என்ற கருவி இருந்தால், ட்ரூகிரிப்ட் வகை என்று சொல்லிக் கொடுத்தால் அதுவே திறந்துவிடும். அதன் 1.6 வெர்ஷனிலிருந்தே இந்த வசதி உண்டு, கீஃபைலும் கொடுக்கலாம். அவசரத்தில் இருப்பவர்கள் முதலில் அதைச் செய்து பாருங்கள்.

பத்திரத்தைப் புது வெராகிரிப்ட் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். பாஸ்வேர்டைச் சாவியாக்க பழைய பெட்டி அதை 1,000 அல்லது 2,000 சுற்றுதான் அரைக்கும், புதியது வழக்கமாக 5 லட்சம். சுற்று கூடினால் ஊகித்துத் திறப்பது கடினம். பாட்டுகளுக்குப் பூட்டு எதற்கு? அவற்றை அப்படியே பென் டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

முதல் பதிவைக் கேட்டுவிட்டு, "இது அந்தப் பிரதோஷம் இல்லடி, அன்னிக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு" என்றார். மொத்தம் 14 இருந்தன. ஒன்பதாவதில் கிடைத்தது.