நான்கு பல்கலைக்கழகங்களின் காகிதங்களும் ஒரு பதிவறையும்

1960களின் இறுதியில் தொடங்கப்பட்ட எங்கள் அரசு கலைக் கல்லூரி, இருந்த இடத்தை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. அது இணைந்திருந்த பல்கலைக்கழகம்தான் மாறிக்கொண்டே வந்தது. முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தோம். வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபோது விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டக் கல்லூரிகளோடு சேர்ந்து அதன்கீழ் வந்தோம். 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், அதனை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் சட்டமுன்வடிவு பேரவையில் நிறைவேறியது. இந்த மாற்றங்களின் அரசியல் பற்றி அப்போது நிறையவே பேசப்பட்டது. மாற்றத்தின் காகிதங்கள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

வரலாற்றுத் துறையில் பணியாற்றும் எனக்கு, "நீங்கள்தான் பழைய காகிதங்களோடு பழகியவர்" என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லி முதல்வர் பதிவறைப் பொறுப்பைக் கூடுதலாகக் கொடுத்தார். பதிவறை எழுத்தர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், ஆய்வு மாணவனாக, யாரோ ஒழுங்குபடுத்தி வைத்த கட்டுகளைக் கேட்டு வாங்கிப் படித்தவன் நான். ஒழுங்கை உண்டாக்கும் பக்கத்தில் நின்று பார்ப்பது அதுவே முதல்முறை.

ஒரு கல்லூரியின் பதிவறையில் என்ன இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சேர்க்கைப் பதிவேடுகள், மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டுகள், மாணவர் வருகைப் பதிவேடுகள், பல்கலைக்கழகம் அனுப்பிய மதிப்பெண் பட்டியல்களின் கல்லூரிப் படிகள், கல்விக் கட்டணச் சலுகைக் கோப்புகள், விடுதி உணவுக் கணக்குகள், பணியாளர்களின் பணிப்பதிவேடுகள், இணைவுபெற்ற நாள் முதலான கடிதப் போக்குவரத்து என்று அது விரியும். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி நடைமுறைக்கு வந்ததையொட்டிக் கல்லூரிகளை விட்டுப் போன புகுமுக வகுப்பின் (பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் இடைப்பட்ட பி.யு.சி.) பதிவேடுகளும் எங்களிடம் இருந்தன. படிப்பு மறைந்துவிட்டதால் அவை யாருக்கும் வேண்டாதவை என்று எண்ணி, அலமாரியின் மேல்தட்டில், கூரைக்கு அடுத்தாற்போல் வைத்திருந்தார்கள். அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்றும் பிறந்த தேதிக்கு ஆதாரம் தேடி வருகிறார்கள்.

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது உரிமைக் கேள்வி. பட்டம் வழங்கியதற்கான மூல ஆவணம் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்திடம் இருக்கும். மாணவர் இங்கே சேர்ந்தார், படித்தார், சென்றார் என்பதற்கான ஆவணம் கல்லூரியிடம் இருக்கும். இணைவு மாறுவதால் இந்த இரண்டுமே இடம் மாறுவதில்லை. சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்தப் பாகுபாடு அலுவலக நடைமுறையில் நொறுங்கிப்போகிறது. ஓர் எடுத்துக்காட்டு: அரசுப் பணிக்குத் தேர்வான ஒருவரின் பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டு அவருடைய துறை கடிதம் எழுதுகிறது. அவர் 1990களில் படித்தவர். கல்லூரி இன்று எந்தப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருக்கிறதோ அதற்குக் கடிதம் போகிறது. அங்கிருந்து "எங்கள் பதிவுகளில் இல்லை" என்ற பதில் வருகிறது. இல்லாததுதான் சரி, ஏனென்றால் அவர் பட்டம் பெற்றது வேறிடத்தில். ஆனால் "இல்லை" என்ற அந்தச் சொல் துறையின் கோப்பில் ஏறியவுடன், நேர்மையாகப் படித்த ஒருவர் சந்தேகத்துக்கு உரியவர் ஆகிவிடுகிறார். கடிதம் எங்களிடம் வந்து சேரும்போது அவருடைய தகுதிகாண் பருவமே முடியும் நிலையில் இருக்கும்.

மாற்றம் நடந்த ஆண்டுகளைச் சேர்ந்தவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் பழைய பல்கலைக்கழகத்தின் விதிப்படியே படிப்பை முடிக்க, புதிதாகச் சேர்ந்தவர்கள் புதிய பல்கலைக்கழகத்தின்கீழ் வருவார்கள். ஆகவே சில ஆண்டுகள் ஒரே தாழ்வாரத்தின் அடுத்தடுத்த வகுப்பறைகளில் இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் இருப்பார்கள். அரியர் வைத்தவர்களைக் கணக்கில் எடுத்தால் அந்தச் சில ஆண்டுகள் மேலும் நீளும். அதனால் சேர்ந்த ஆண்டை மட்டும் வைத்தோ முடித்த ஆண்டை மட்டும் வைத்தோ பல்கலைக்கழகத்தைத் தீர்மானிக்க முடியாது.

இதற்காக நாங்கள் செய்தது ஓர் ஒப்புநோக்குப் பதிவேடு. கல்லூரியின் சேர்க்கை எண், பல்கலைக்கழகப் பதிவெண், பாடப்பிரிவு, சேர்ந்த கல்வியாண்டு, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம், மாற்றுச் சான்றிதழ் எண், மூலப் பதிவேடு இருக்கும் அலமாரியும் தட்டும் ஆகியவற்றை ஒரே வரியில் கொண்டுவரும் பதிவேடு அது. எல்லா ஆண்டுகளுக்கும் உடனே செய்ய ஆளில்லாததால், 2002ஐயும் 2021ஐயும் ஒட்டிய ஆண்டுகளை முதலில் எடுத்துக்கொண்டோம். தொல்லை அங்கேதான் குவிந்திருந்தது. உண்மைத்தன்மை கேட்டு வரும் கடிதங்களுக்கு இப்போது "இவர் இக்கல்லூரியில் பயின்றவர், பட்டம் வழங்கியது இன்ன பல்கலைக்கழகம், அதன் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரை அணுகுக" என்று பதிவெண்ணோடு பதில் எழுதிவிட முடிகிறது.

அடுத்து வந்ததுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. எனக்கு வெகுகாலம் முன்பு, ஆர்வம் மிகுந்த ஒருவர், பழைய ஆவணங்களைப் புதிய பல்கலைக்கழகத்தின் படிவ அமைப்புக்கு ஏற்ப அடுக்கியிருந்தார். ஆண்டுவாரியாகவும் பிரிவுவாரியாகவும் கட்டப்பட்டிருந்த கட்டுகளைப் பிரித்து, எல்லா ஆண்டுகளின் வரலாற்றுப் பிரிவுத் தாள்களையும் ஒன்றாகவும், எல்லா ஆண்டுகளின் வணிகவியல் தாள்களையும் ஒன்றாகவும் சேர்த்துக் கட்டியிருந்தார். பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் பல தாள்களில் தேதி இல்லை. அவை எந்தக் கட்டில், எந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருந்தன என்பதே அவற்றின் தேதியாக இருந்தது. கட்டைப் பிரித்ததும் அந்தத் தேதியும் போயிற்று. ஆவணக் காப்பாளர்கள் உலகெங்கும் வலியுறுத்தும் நெறி ஒன்று உண்டு: ஆவணம் எந்த அலுவலகத்தில், எந்த ஒழுங்கில் பிறந்ததோ அந்த ஒழுங்கைக் கலைக்கக் கூடாது. அதைப் படித்திருந்தேன், அதன் காரணம் இங்கேதான் விளங்கிற்று.

பழைய ஒழுங்கை மீட்கத் தாள்களே துணை செய்தன. கட்டு நாடா கோக்கப்பட்ட துளைகளின் இடைவெளி ஒத்துப்போகும் தாள்களை முதலில் சேர்த்தோம். ந.க. எண் (அலுவலகம் ஒவ்வொரு கடிதத்துக்கும் இடும் நடப்புக் கணக்கு எண்) உள்ளவற்றை, எழுத்தர் தம்மிடம் வரும் தாள்களைப் பதியும் தன்பதிவேட்டோடு ஒப்பிட்டோம். எதிர்பாராத உதவி மாவட்ட முத்திரைகளிடமிருந்து வந்தது. 1993 செப்டம்பர் இறுதிவரை நாங்கள் தென்னார்க்காடு மாவட்டம். அது பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் ஆனோம். 1997இல் மாவட்டங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியதிலிருந்து வெறும் விழுப்புரம் மாவட்டம். ஆகவே இராமசாமி படையாட்சியார் பெயர் தாங்கிய முத்திரை உள்ள தேதியற்ற தாள், பெரும்பாலும் அந்த நான்கு ஆண்டுகளுக்குள் அடங்கும். பழைய முத்திரையை மை தீரும்வரை பயன்படுத்தும் அலுவலக வழக்கத்தை நினைவில் வைத்தே இதைச் சொல்கிறேன். முத்திரையை மட்டும் நம்பி எந்தத் தாளுக்கும் ஆண்டு குறிக்கவில்லை. முடிவு செய்ய முடியாமல் போனவற்றை ஊகித்து எங்கேயும் செருகாமல், "ஒழுங்கு கலைந்தவை" என்று எழுதித் தனிக்கட்டாக வைத்திருக்கிறோம்.

அந்த அனுபவத்தால், 2021 மாற்றத்தின்போது ஒரு விதியைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தோம். திருவள்ளுவர் பல்கலைக்கழகக் காலத்துப் பதிவேடுகளின் தொடர்ச்சியாக அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆவணங்களை எழுதவில்லை. பழைய வரிசையில் கடைசிப் பதிவின்கீழ்க் கோடிட்டு, முடித்த தேதியைக் குறித்து, முதல்வரின் கையொப்பம் பெற்று மூடினோம். புதிய வரிசையைப் புதிய பதிவேட்டில் தொடங்கினோம். பாதிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கும் பதிவேட்டை மூடுவது வீண் செலவு என்று தணிக்கையில் ஒரு குறிப்பு எழுந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தோம். ஜெயலலிதா பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்த சில கடிதங்களையும், மெலிந்த கோப்பாக இருந்தாலும், தனி வரிசையாகவே வைத்திருக்கிறோம். 1929இல் தொடங்கி, 2013இல் தனிச் சட்டத்தின் மூலம் அரசின் முழுக் கட்டுப்பாட்டில் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், நெடுங்காலம் தன் வளாகத்திலேயே கற்பித்து வந்த பல்கலைக்கழகம். வெளியே உள்ள கல்லூரிகளை இணைத்துக்கொள்வது அதற்கும் புதிய பணிதான். எனவே படிவங்கள் தொடக்கத்தில் அடிக்கடி மாறின. எந்தப் படிவம் எந்த நாள் முதல் என்ற குறிப்பை அவ்வப்போது எழுதி வைத்தது இப்போது பயன்படுகிறது.

கழிவு செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழக அரசு அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளும் குறிக்கப்படும்: ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். நல்ல முறைதான். ஆனால் அலுவலகத் தேவையை அளந்து குறித்த ஆயுள் அது. கல்விக் கட்டணச் சலுகைக் கோப்புகள் பலவும் ப.மு. என்று முடிக்கப்பட்டவை. திண்டிவனம், செஞ்சி, திருக்கோவிலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்தவர்கள் யார், அவர்களுடைய தந்தையர் என்ன தொழில் செய்தார்கள், எந்த ஆண்டிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள் என்பதெல்லாம் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. தரமதிப்பீட்டுக் குழு வருவதற்கு முன் அறையைக் காலிசெய்யும் வேகத்தில் அவை பழைய பேப்பர் எடைக்குப் போக இருந்தன. காலம் கடந்தவற்றைப் பட்டியலிட்டு, மூவர் குழு பார்வையிட்டு, எழுத்து மூலமான ஆணை பெற்ற பிறகே கழிவு என்று கல்லூரிப் பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி நிறுத்தினோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்பு தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது. அதை மேற்கோள் காட்டியதும் பேரவையில் எதிர்ப்பு அடங்கிவிட்டது. ஒரு வரலாற்று ஆசிரியரின் வேண்டுகோளுக்கு இல்லாத வலிமை சட்டப் பிரிவு எண்ணுக்கு உண்டு.

காகிதத்தைக் காட்டிலும் மோசமான நிலையில் இருந்தவை கணினிக் கோப்புகள். 2000களில் தட்டச்சு செய்யப்பட்ட மாணவர் பட்டியல்கள் வானவில் எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர்கள் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தெரியும். எந்தக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் ஒருங்குறியை (யூனிகோடு) 2010இல்தான் தமிழக அரசு ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் இட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பெயரையும் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். கொம்பும் காலும் இடம் மாறிப்போன பெயர்கள் ஏராளம். நெகிழ்வட்டுகளில் (ஃப்ளாப்பி) இருந்தவற்றில் பெரும்பகுதியை மீட்க முடியவில்லை. நல்லவேளையாக அவற்றின் அச்சுப்படிகள் கட்டுகளில் இருந்தன. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய, இராமபாணப் பூச்சி துளைத்த பதிவேட்டை வைத்து இருபது ஆண்டுக் கணினிக் கோப்பைத் திருத்தும் வேலையைச் செய்த பிறகு, "ஸ்கேன் செய்துவிட்டால் அசலைத் தூக்கிப்போடலாம்" என்று சொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை; அந்த நெகிழ்வட்டுகளை எடுத்துக் காட்டுகிறேன்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை பெய்த அந்த நாளில், எங்கள் பதிவறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழ் எதையும் வைக்கக் கூடாது என்று முன்பே மாற்றியிருந்ததால் சேர்க்கைப் பதிவேடுகள் தப்பின. சுவரையொட்டிய விடுதிக் கணக்குகள் நனைந்தன. நனைந்த காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். வெயிலில் காயவைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது தாளை முறுக்கி உடையச் செய்யும். பதிவேடுகளை விசிறிபோல் விரித்து நிறுத்தி, பக்கங்களுக்கிடையே அச்சிடாத வெள்ளைத் தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, செருகிய தாளை மாற்றிக்கொண்டே இருந்தோம். மின்சாரம் வந்துவந்து போனதால் இதுவும் முழுமையாக நடக்கவில்லை. ஊற்றுப்பேனா மையில் எழுதியவை கரைந்தன. கார்பன் படிகள் சற்றும் கலங்கவில்லை. அசல்கள் அழிந்து படிகள் மிஞ்சிய சில மாதங்களின் கணக்குக்கு இப்போது அந்தப் படிகளே மூலம் என்று குறிப்பெழுதி முதல்வரின் சான்றொப்பம் பெற்றிருக்கிறோம்.

சேர்க்கைப் பதிவேடுகளை மின்படியாக்கும் பணி நடந்து வருகிறது. அவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற முன்னாள் மாணவர்களின் விருப்பத்தை ஏற்கவில்லை. சாதி, பெற்றோர் வருமானம், உடல் அடையாளக் குறி எனப் பலவும் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன; இன்னும் உயிரோடு இருப்பவர்களின் விவரங்கள் அவை. உரியவர் வந்து கேட்டால் அவருடைய பதிவின் சான்றிட்ட நகல் மட்டும் கொடுக்கிறோம்.

தீராமல் இருப்பது இன்றைய ஆவணங்கள்தான். பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு, தேர்வு தேதி மாற்றம், கட்டண விவரம் எல்லாம் முதல்வர்களின் வாட்ஸ்அப் குழுவில் படமாக வருகின்றன; கையொப்பமிட்ட கடிதம் பின்னால் வருவதும் உண்டு, வராமலே போவதும் உண்டு. இப்போதைக்கு, ஒரு முடிவுக்கு அடிப்படையாக அமைந்த ஒவ்வொரு படத்தையும் அச்சிட்டு, வந்த நாளையும் நேரத்தையும் அனுப்பியவரின் பதவியையும் எழுதி, ந.க. எண் கொடுத்துக் கோப்பில் சேர்க்கிறோம். அலுவலகத்தில் இதை நகைப்பவர்களும் உண்டு. இந்தப் பருவத்தின் கட்டு ஏற்கெனவே தடித்துவிட்டது. இரண்டாவது கட்டுக்கு அட்டை வாங்க எழுதியிருக்கிறேன்.