எல்லாம் ஒன்னல்லே: 900 ரூபாய் ரவுட்டரும் ஓப்பன்டபிள்யுஆர்டியும்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவழியாக நெட் வந்துவிட்டது. ரவுட்டர் டிபி-லிங்க்கின் பழைய ஆர்ச்சர் சி6, மூன்றாம் வெர்ஷன்; அதில் கம்பெனி மென்பொருளை எடுத்துவிட்டு, ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். பாலக்காட்டு கடையில் 900 ரூபாய்.

வெர்ஷன் விஷயத்தில் ஏற்கெனவே சூடுபட்டவன் நான். போன வருஷம் பெயரை மட்டும் பார்த்து வாங்கிய ஒன்று 4 எம்பி ஃபிளாஷ் (மென்பொருள் உட்காரும் இடம்), 32 எம்பி ரேம். இப்போதைய ஓப்பன்டபிள்யுஆர்டி அதில் ஏறாது. அதனால் இந்தத் தடவை, "சேட்டா, அடியில இருக்கிற ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன். "எல்லாம் ஒன்னல்லே" (எல்லாம் ஒன்றுதானே) என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். எங்கே ஒன்று? சி6 இரண்டாம் வெர்ஷனில் குவால்காம் சிப், மூன்றாவதில் மீடியாடெக் எம்டி7621. ஏற்ற வேண்டிய மென்பொருள் ஃபைலே வேறு. என்னுடையதில் 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம், தாராளம்.

மென்பொருளை ஏற்றியது இரண்டு நிமிட வேலை. மாட்டிக்கொண்டது அதற்கப்புறம்தான். கேபிள்காரர் வைத்துப்போன ஃபைபர் பெட்டியின் முகவரி 192.168.1.1. ஓப்பன்டபிள்யுஆர்டியும் அதே முகவரியில்தான் எழுந்திருக்கும். ரவுட்டருக்கு நெட் எந்தப் பக்கம், வீடு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. இது புரியாமல் முதல் ராத்திரி முழுக்கக் கேபிளைச் சந்தேகப்பட்டு, இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தேன். வீண்.

சரி, வீட்டுப் பக்கத்தை 192.168.10.1 ஆக்கலாம் என்று ஓப்பன்டபிள்யுஆர்டியின் செட்டிங்ஸ் பக்கமான லூசியில் மாற்றினால், 90 வினாடி எண்ணிவிட்டுப் பழையபடி திருப்பிப் போட்டுவிடுகிறது. (லூசி என்றதும் வீட்டில் "எந்த டீச்சர்?" என்று கேட்டார்கள்.) நாம் வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் லேப்டாப் இன்னும் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கேபிளைப் பிடுங்கி, திரும்ப மாட்டி, புது முகவரியில் நுழைவதற்குள் எண்ணி முடித்துவிடுகிறது. மூன்று தடவை ஓடிப் பார்த்தேன். நான்காவது தடவை கரண்ட்டே போய்விட்டது.

மறுநாள்தான் கண்ணில் பட்டது: மாற்றத்தைச் சேமிக்கும் பட்டனுக்குப் பக்கத்தில் குட்டி அம்புக்குறி. அதை அழுத்தினால், சரிபார்க்காமலே அமல்படுத்து என்று ஒரு வழி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டு, கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். புது முகவரி நிலைத்துவிட்டது!

ஒருவரே லைன் முழுவதையும் அடைத்துக்கொள்ளாமல் பங்கிட்டுக் கொடுக்கும் கேக் என்ற வசதியையும் போட்டுவிட்டேன். 40 எம்பிபிஎஸ் லைனுக்கு டவுன்லோடு வரம்பாக 36 கொடுத்திருக்கிறேன். மகள் வீடியோ பார்க்கும்போதும் என் போன் கால் இப்போது திக்குவதில்லை. அப்லோடு பக்கம் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

அதற்குள் மனசு மினி யூபிஎஸ்ஸில் போய் நிற்கிறது. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 12 வோல்ட்தான், ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் கிடைக்கவில்லை. சனிக்கிழமை வேலந்தாவளம் வழியாக கோவை போகும்போது பார்க்க வேண்டும். அடாப்டர் பின்னையும் கையோடு எடுத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயும் "எல்லாம் ஒன்னுதான் சார்" என்பார்கள்.