உரைக்கோப்பில் ஒரு கட்டடச் சட்டகம்

கட்டடங்கள் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடும் ஸ்டாட் புரோ மென்பொருளில், தூண்களும் விட்டங்களும் சேர்ந்த சட்டகத்தைத் திரையில் வரைந்து பழகிய இளம் பொறியாளர்கள் பலர், கணக்கீட்டு நிரல் உண்மையில் படிப்பது அந்தப் படத்தை அல்ல, அதன் பின்னாலிருக்கும் ஒரு சாதாரண உரைக்கோப்பைத்தான் என்பதை அறிந்திருந்தும், அக்கோப்பை ஒருமுறையேனும் திறந்து வரிவரியாகப் படிப்பதில்லை. கட்டட வடிவமைப்பைச் சரிபார்க்கும் பொறுப்பிலுள்ள எவரும் படிக்க வேண்டிய முதல் ஆவணம் அது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோப்பின் அமைப்பு எளியது. முதலில் அலகுகள், பிறகு கணுக்களின் (உறுப்புகள் சந்திக்கும் புள்ளிகளின்) ஆயத்தொலைவுகள், எந்த உறுப்பு (தூண் அல்லது விட்டம்) எந்த இரு கணுக்களை இணைக்கிறது என்னும் பட்டியல், அதன்பின் குறுக்குவெட்டு அளவுகள், பொருளின் பண்புகள், தாங்கிகள் (சட்டகம் ஊன்றி நிற்கும் இடங்கள்), சுமைகள், பகுப்பாய்வுக் கட்டளை. ‘ஜாயின்ட் கோஆர்டினேட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் ‘1 0 0 0 6 20 0 0’ என்று, அதாவது 1ஆம் கணு (0, 0, 0) இடத்திலும் 6ஆம் கணு (20, 0, 0) இடத்திலும் என்று எழுதினால், 20 மீட்டர் நீளத்தில் 4 மீட்டர் இடைவெளியில் ஆறு கணுக்கள் அமைந்துவிடும். ‘மெம்பர் இன்சிடென்சஸ்’ என்பதன் கீழ் ‘1 1 2 5’ என்ற நான்கு எண்கள் (1ஆம் உறுப்பு 1, 2 கணுக்களை இணைக்கிறது; இதே வரிசை 5ஆம் உறுப்பு வரை தொடரட்டும்) அவற்றை இணைக்கும் ஐந்து விட்டங்களையும் தந்துவிடும்.

இந்தச் சொற்கள் நேற்று வந்தவை அல்ல. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1964இல் பயனர் கையேடு வெளிவந்த ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் மொழியிலேயே பொறியாளர் தம் தொழிற்சொற்களால் கணினிக்குக் கட்டளையிட முடிந்தது. அதற்குப் பிறகு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட ‘சாப் 4’ போன்ற நிரல்களில்கூட, 80 பத்திகள் கொண்ட துளை அட்டையில் ஒவ்வொரு எண்ணும் தனக்குரிய பத்திகளுக்குள் நிற்க வேண்டியிருந்தது. எண் ஓர் இடம் தள்ளி விழுந்தால் அதன் மதிப்பே மாறிவிடக்கூடும்.

உரையாகப் படிப்பதன் பயன் பிழை தேடும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. ஒரு தூணின் உச்சி 3.000 மீட்டரிலும், அதன்மேல் அமர வேண்டிய விட்டத்தின் முனை 2.990 மீட்டரிலும் இருந்தால், திரையில் இரண்டும் ஒரே புள்ளியாகவே தோன்றும். கோப்பிலோ இரு வேறு கணு எண்களாக அவை கண்ணில் படும்.

அலகுப் பிழை இதைவிட ஆபத்தானது. இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐஎஸ் 456இன்படி, எம்25 என்னும் தரக் கான்கிரீட்டின் மீள்குணகம் (பொருளின் விறைப்பைக் குறிக்கும் அளவு) சதுர மில்லிமீட்டருக்கு 25,000 நியூட்டன். அலகு வரியில் மீட்டரும் கிலோநியூட்டனும் நடப்பிலிருக்கும்போது அதே 25,000 எண்ணை எழுதினால், பொருளின் விறைப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் எல்லா உறுப்புகளும் ஒரே பொருளாலானவை, தாங்கிகள் அசையாதவை, சுமைகள் நிலையானவை என்றால், நேரியல் பகுப்பாய்வில் பெண்டிங் மொமென்ட் (உறுப்பை வளைக்கும் திருப்புவிசை) சிறிதும் மாறாது. ஏனெனில் உறுப்புகளுக்கிடையிலான விறைப்பு விகிதம் அப்படியே இருக்கிறது. மொமென்ட்டை மட்டும் பார்த்துக் கான்கிரீட்டுக்குள் இட வேண்டிய கம்பியைக் கணக்கிடுபவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். தொய்வு ஆயிரம் மடங்காகவும், அதிர்வுக் காலம் சுமார் 32 மடங்காகவும் உயர்ந்திருப்பதைப் பார்ப்பவர்தான் பிழையைப் பிடிப்பார். கோப்பைப் படிப்பவருக்கோ அலகு வரியும் மீள்குணக வரியும் போதும். அலகு வரியைக் கோப்பின் நடுவிலும் மாற்றலாம் என்பதால், ஒவ்வோர் எண்ணுக்கும் மேலே கடைசியாக வந்த அலகு எது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

படம் தரும் உதவியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உறுப்பின் குறுக்குவெட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சுமை எத்திசையில் இறங்குகிறது என்பவற்றைப் படமே விரைவாகக் காட்டும். ஆனால் வடிவமைப்பு திருத்தப்படும்போது, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒரு ஒப்பீட்டுக் கருவியில் வைத்தால், எந்தத் தூணின் அளவு மாறியது, எந்தச் சுமை விடுபட்டது என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். இரண்டு படங்களை அருகருகே வைத்து அதைக் கண்டறிவது அரிது.

கையால் எழுதுபவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நட்சத்திரக் குறியுடன் தொடங்கும் குறிப்பு வரிகளில் ஒவ்வொரு சுமைக்கும் காரணத்தை எழுதி வைப்பது நல்ல வழக்கம். ஆயினும் வரைகலைத் திரையில் திருத்திச் சேமிக்கும்போது மென்பொருள் கோப்பைத் தன் போக்கில் மீண்டும் எழுதிவிடுவதால், நம் வரிசையும் குறிப்புகளும் கலைந்துபோகலாம். ஆகவே கையால் எழுதிய மூலக்கோப்பை வேறு பெயரில் தனியே சேமித்து வைத்துவிட்டு, அதன் நகலை மட்டுமே திரையில் திறப்பது நல்லது.