பட்டப்பின் கல்வி டிப்ளோமா: படுவான்கரையில் படிப்பித்துக்கொண்டே விண்ணப்பித்த அனுபவம்

பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆசிரியராக வந்த எங்களைப் போன்றவர்கள் ஒருநாள் இல்லை ஒருநாள் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்தே ஆகவேண்டும். இலங்கை ஆசிரியர் சேவையில் பட்டதாரிகளை 3-I (அ) தரத்துக்குத்தான் எடுக்கிறார்கள். தொழில்சார் தகைமையான இந்த டிப்ளோமாவும் சேர்ந்தால்தான் அதற்கு மேலான 2-II தரம். 2014 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்த சேவைப் பிரமாணக் குறிப்பில் இது இருக்கிறது. சம்பளமும் பதவி உயர்வும் அதையொட்டித்தான் போகும்.

எனக்கு அந்தக் கணக்கைவிட வகுப்பறைதான் பெரிய காரணம். வரலாறு படிப்பிக்கிறேன். எட்டாம் ஆண்டில் ஒரு பிள்ளை இருந்தான். வாயால் கேட்டால் பராக்கிரமபாகு கட்டிய குளங்களை மூச்சுவிடாமல் சொல்வான். எழுதச் சொன்னால் வெறுந்தாளைத் தருவான். அவனை எந்த இடத்திலிருந்து தொடங்கிக் கொண்டுவருவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன், படிப்பிக்கப் படிக்கவில்லை. அது தெரிந்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

எங்கள் ஊரில் 'ரீச்சர்மாருக்கான படிப்பு' என்றதும் பலர் தாழங்குடாவைத்தான் சொல்வார்கள். அங்கிருக்கும் தேசிய கல்வியியற் கல்லூரி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு. ஆசிரியர் கலாசாலை, பயிற்சி பெறாமல் சேவைக்கு வந்த பட்டதாரி அல்லாத ஆசிரியர்களுக்கு. பட்டதாரிக்கு உரியது இந்த டிப்ளோமா. கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலும், மகரகமவில் தேசிய கல்வி நிறுவகத்திலும், திறந்த பல்கலைக்கழகத்திலும் இது இருக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கொழும்பில் போய் இருப்பது எனக்கு நடக்கிற காரியம் இல்லை. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் இருக்கிறது, தமிழ் மொழிமூலமும் உண்டு. அதையே எடுத்தேன்.

முதலில் சம்மதிக்க வேண்டியது வீடு. இதைப் பலர் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்பே என் கணவரிடமும் மாமியிடமும் உட்கார்ந்து பேசினேன். சனி, ஞாயிறு வீட்டில் இருக்கமாட்டேன், இரவில் புத்தகம் திறந்திருக்கும், கொஞ்சக் காலத்துக்கு நல்லது கெட்டதுக்குக் கூட எல்லா இடத்துக்கும் வரமுடியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். மாமி ஏ.எல். படிக்கக் கிடைக்காதவர். "நீ படி மகள். புள்ளைகளை நான் பாத்துக்கொள்ளுவன், சனிக்கிழமைச் சமையலை அவன் பாக்கட்டும்" என்றார். கணவர் மறுபேச்சுப் பேசவில்லை. சனிக்கிழமைச் சோறும் மீன் ஆணமும் அன்றிலிருந்து அவருடைய பொறுப்பு.

மறுகாதான் அதிபர். எங்கள் பாடசாலை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூர்ப் பக்கம். காலையில் குருமண்வெளித் துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து போகவேண்டும். இக்கரையிலிருந்து போகிற ஆசிரியர்கள் ஒரு வழி கிடைத்ததும் இடமாற்றம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவது வழமை. அதனால், படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னாலே அதிபருக்குப் பயம் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. ஓ.எல். (சாதாரண தர) வகுப்புக்கு வரலாற்றுக்கு வேறு ஆள் இல்லை. "சேர், பாடசாலை நேரம் ஒரு பாடவேளையும் போகாது, வகுப்பெல்லாம் வார இறுதியில்தான். கற்பித்தற் பயிற்சியையும் இங்கேயே செய்யலாமோ என்று கேட்டுப் பார்க்கிறேன்" என்று நேரசூசியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "சரி, கடிதத்தைக் கொண்டுவாங்க" என்றார். வாயால் மட்டும் கேட்டிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனி உண்மையான வேலை: ஆவணங்கள். விண்ணப்பப் படிவம் என்னவோ சில பக்கம்தான். ஆனால் அது கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: பிறப்புச் சான்றிதழில் இருப்பவரும், அடையாள அட்டையில் இருப்பவரும், பட்டம் வாங்கியவரும், நியமனக் கடிதம் பெற்றவரும் ஒரே ஆள்தானா? எங்கள் பகுதியில் இதை நிரூபிப்பது சின்ன விசயம் இல்லை. பிறப்புப் பதிவு நடந்த காலத்தில் ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதியது, இடம்பெயர்ந்த இடத்தில் பதிந்தது, ஆங்கிலத்தில் ஒவ்வொரு பாடசாலையும் தன் விருப்பத்துக்கு எழுத்துக்கூட்டியது என்று ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு.

என்னுடைய பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஆங்கில 'எச்' ஒன்று கூட இருக்கிறது. அடையாள அட்டையில் அது இல்லை. நியமனக் கடிதத்தில் முதலெழுத்து மட்டும். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சத்தியக் கடதாசி ஒன்று தேவைப்படும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஊரில் ஒரு சமாதான நீதவானிடம் போய், இந்த இரண்டு பெயராலும் குறிப்பிடப்படுபவர் நான் ஒருவரே என்று எழுதி, முத்திரை ஒட்டி, ஒப்பமிட்டு வாங்கிக்கொண்டேன். விண்ணப்பம் கோரப்பட்ட பிறகு இதற்கு ஓடியிருந்தால் மூச்சு வாங்கியிருக்கும். ஏனென்றால் அந்தக் கடதாசியின் பிரதியைப் பிறகு கேட்காத இடமே இல்லை.

என்னோடு விண்ணப்பித்த நாவலடி அக்காவின் பாடு இதைவிடக் கஷ்டம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அவருடைய ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் திரும்ப எடுக்கலாம், இப்போது அதற்கு ஆன்லைனிலும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய ஆண்டும் சரியாகத் தெரியவேண்டும். அவருக்குச் சுட்டெண் நினைவில் இல்லை. படித்த பாடசாலையில் பழைய பதிவேடு தப்பியிருந்ததால் அதிலிருந்து எடுத்தார். அந்தப் பதிவேட்டைப் பத்திரமாக மேல்தட்டில் வைத்திருந்த ஆள் யாரோ, அவருக்குப் புண்ணியம்.

பெறுபேற்று விபரத்துக்கு நான் படித்த கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு, வந்தாறுமூலைக்குப் போனேன். பட்டச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பாடவாரியாக எடுத்த பெறுபேற்றையும் கேட்பார்கள். அதைக் கேட்ட அன்றே கையில் தரமாட்டார்கள், நேரம் எடுக்கும். எடுக்கும்போதே இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

அடுத்தது சேவை தொடர்பான கடிதங்கள். நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், சேவையில் உறுதிப்படுத்திய கடிதம். மூன்றாவது எனக்கு வந்ததே இல்லை. இடையில் ஓர் அலுவலகத்தில் அது தட்டச்சாகி, ஒப்பமும் ஆகி, என்னுடைய சுயவிபரக் கோவையில் போடாமல் வேறொருவருடைய கோவைக்குள் கிடந்தது. 'அனுப்பியாகிவிட்டது' என்ற பதிலையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு அழுகை வராத குறை. கடைசியில் அங்கே புதிதாக வந்திருந்த ஒரு தங்கச்சி, "இருங்க மிஸ், அனுப்பின புத்தகத்தைப் பாப்பம்" என்று கடிதப் பதிவேட்டைத் திறந்து, திகதியைப் பிடித்து, எனக்கு முன்னுக்கும் பின்னுக்கும் இலக்கம் விழுந்த கோவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். இரண்டாவது கோவைக்குள் இருந்தது. அந்தப் பிள்ளை அதைத் தூக்கிக் காட்டியபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ஆகவே, அனுப்பியாகிவிட்டது என்று சொன்னால், எந்தத் திகதி, பதிவேட்டில் எந்த இலக்கம் என்று கேளுங்கள். சண்டை போடவேண்டிய தேவை இல்லை, பொறுமையாகக் கேட்டால் போதும்.

விண்ணப்பம் கோரப்பட்டதும் மிச்சம் எல்லாம் விறுவிறுவென்று போனது. ஒரு விசயம் மட்டும். பட்டச் சான்றிதழ் சாதாரணத் தாளைவிடப் பெரிது, கைபேசியால் படம் எடுத்தால் ஓரத்தில் முத்திரை வெட்டுப்படும். களுவாஞ்சிகுடியில் ஒரு கொமினிகேசன் கடையில் பெரிய இயந்திரத்தில் வைத்து ஸ்கான் பண்ணினேன். படிவத்தை அதிபர் ஊடாகவும் வலயக் கல்வி அலுவலகத்தின் ஊடாகவும் அனுப்பவேண்டி வந்தால், முடிவுத் திகதிக்கு முதல் கிழமையில் வலயத்துக்குள் கால் வைக்கவே முடியாது. எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். படிவம் வந்த கையோடு கொண்டுபோனபடியால் எனக்கு அலைச்சல் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பிய துண்டையும் பணம் கட்டிய பற்றுச்சீட்டையும் ஒரே பைலில் வைத்தேன்.

மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கூப்பிட்டபோது அந்தப் பைல்தான் கைகொடுத்தது. எதைக் கேட்டாலும் எடுத்து நீட்ட முடிந்தது. பெயர் வித்தியாசத்தை அவர்கள் கண்டுபிடிக்குமுன் சத்தியக் கடதாசியை நானே எடுத்து வைத்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பி ஒருவர் அதே காரணத்துக்காக இன்னொரு நாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார். அம்பாறையின் உட்பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். பார்க்கப் பாவமாக இருந்தது.

இடம் கிடைத்த செய்தி மின்னஞ்சலில் வந்தது. முதல் தவணைப் பணத்துக்குப் பாடசாலையில் நாங்கள் போட்டிருந்த சீட்டு உதவியது. என் முறை அது இல்லை. முறைக்குரிய ரீச்சர் தானாகவே விட்டுக்கொடுத்தார். அவருக்கும் அடுத்த முறை விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தது.

படிப்பைப் பற்றி விரிவாக எழுத இது இடம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. கல்வி உளவியலில் வைகொட்ஸ்கியின் அண்மை விருத்தி வலயம் என்ற பகுதியை, பிள்ளைகள் படுத்த பிறகு குசினி மேசையில் இருந்து வாசித்தேன். தனியே செய்ய முடியாததை இன்னொருவர் துணையோடு ஒரு பிள்ளை செய்ய முடியும், அந்த இடைவெளியில்தான் படிப்பித்தல் நடக்கவேண்டும் என்கிறார். எட்டாம் ஆண்டுப் பிள்ளை உடனே ஞாபகத்துக்கு வந்தான். அடுத்த வாரம் அவன் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் பிள்ளையை எழுதவைத்து, அதையே அவனைப் பார்த்து எழுதச் சொன்னேன். பிறகு பாதி வசனத்தை எழுதிக் கொடுத்து மிச்சத்தை அவனிடம் விட்டேன். தவணை முடியும்போது எழுத்துப்பிழையோடு அரைப் பக்கம் எழுதினான். கற்பித்தற் பயிற்சியில் என்னைப் பார்க்க வந்த விரிவுரையாளரிடம் அந்தக் கொப்பியைத்தான் முதலில் காட்டினேன்.

இப்போது விண்ணப்பிக்கும் தங்கச்சிமார் என்னிடம் அதிகம் கேட்பது முடித்த பிறகு என்ன செய்வது என்று. பெறுபேறு வந்ததும் சும்மா இருக்கவேண்டாம். 2-II தரத்தைக் கோரி அதிபர் ஊடாக வலயத்துக்குக் கடிதம் எழுதுங்கள். பெறுபேற்றின் உறுதிப்படுத்திய பிரதியையும், பெயரில் வித்தியாசம் இருந்தால் அதே சத்தியக் கடதாசியையும் இணையுங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு ஒப்பம் வாங்கி வீட்டுப் பைலில் வையுங்கள்.