இரும்புக் குளிசையும் இரண்டு பஸ் பயணமும்

நாலு லீற்றர் மருந்துத் தண்ணி குடித்து, இரவு முழுக்க கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடந்து, திருகோணமலையிலிருந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனொஸ்கொப்பி மேசையில் படுத்தேன். பத்து நிமிசத்தில் குழாயை வெளியே எடுத்துவிட்டார்கள். டொக்டர் சிங்களத்தில் ஏதோ கேட்க, பக்கத்தில் நின்ற தாதி மிஸ் தமிழில் சொன்னார்: "ஐயா, குடலெல்லாம் கறுப்பாய் ஒட்டிக்கிடக்கு, ஒன்றும் தெரியேல்லையாம். இரும்புக் குளிசையை நிறுத்தேல்லையா?"

நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையே என்றேன். ஆஸ்பத்திரியில் தந்த அறிவுறுத்தல் துண்டில் எழுதியிருக்கிறதே என்றார். எழுதித்தான் இருந்தது. ஏழாவது வரியில், சிங்களத்தில். எனக்குச் சிங்களம் சந்தையில் மீன் வாங்குமளவுக்குத் தெரியும், வாசிக்கத் தெரியாது. துண்டைத் தந்த அன்றைக்கே, "இதைத் தமிழில் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கலாம். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள், கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு விலை பதினைந்து நாள்.

இது எங்கே தொடங்கியது என்றால், கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டில். அடுத்த நாள் வயிற்றோட்டம். புரியாணிதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலும் மாதுளங்கோது அவித்த தண்ணியும் குடித்தேன். சாப்பாட்டால் வந்தது பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. மூன்று நாள் தண்ணியாய்ப் போகும், இரண்டு நாள் ஒன்றுமே வராது, பிறகு திரும்பவும் தொடங்கும். இடையில் ஒரு நாள் ஒழுங்காகப் போனால், "சரி, சுகம் வந்துவிட்டது" என்று கணக்கைத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவேன். இப்படியே ஒன்பது கிழமை ஓடிற்று.

மனுசி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலை செய்திருந்தாள். குசினியில் தொங்கும் வங்கிக் கலண்டரில், நான் ஓடிய நாளுக்கெல்லாம் பென்சிலால் சின்ன வட்டம். அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. வட்டமில்லாத கிழமை ஒன்றுகூட இல்லை.

அதற்குள் ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கு, ஓபிடிக்கு, இரண்டு தரம் போயிருந்தேன். முதல் தரம் பூச்சிக் குளிசை. இரண்டாம் தரம், "ஐம்பத்திநாலு வயசில இப்படித்தான் இருக்கும்" என்ற ஆறுதல். கடதாசியில் இரத்தம் பட்டதை இரண்டு தரமும் நான் சொல்லவில்லை. மூலம்தானே என்று பார்மசியில் பூச்சு வாங்கிப் பூசிக்கொண்டேன். இந்த இடத்தில் பிழை முழுக்க என்னுடையது.

மூன்றாம் தரம் கலண்டரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். இளம் டொக்டர், படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். ஒரு நாளைக்கு மூன்று தரம் போகிறவரும் இருக்கிறார், கிழமைக்கு மூன்று தரம் போகிறவரும் இருக்கிறார், இரண்டும் வழமைதான் என்றார். தன்னுடைய வழமை மாறி மூன்று கிழமை நீடித்தால் வந்து காட்டவேண்டும். இரத்தம், தார்போன்ற கறுப்பு மலம், காரணமில்லாத மெலிவு, நித்திரையை முறித்துக்கொண்டு எழுப்புகிற வயிற்றோட்டம் இருந்தால் அந்த மூன்று கிழமைகூடப் பொறுக்கக் கூடாது. பிறகு கையுறை போட்டு விரலால் பார்த்தார். அரை நிமிசம். அந்த அரை நிமிசத்துக்குப் பயந்துதான் நான் அவ்வளவு நாள் ஒளித்துத் திரிந்திருக்கிறேன்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4. ஆம்பிளைக்கு 13-க்குக் குறைந்தால் இரத்தம் எங்கே போகிறது என்று தேடத்தான் வேண்டும் என்றார். இரும்புக் குளிசையும் வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் தந்தார். அங்கே போனால், இரத்த ரிப்போட்டின் மூலப்பிரதி வேண்டும், போட்டோக்கொப்பி செல்லாது என்று கவுண்டரில் திருப்பி விட்டார்கள். அது ஒரு தனிப் பயணம். அதைப் பற்றி எழுதினால் இரத்த அழுத்தமும் ஏறும், விடுவோம்.

இரும்புக் குளிசை சாப்பிட்டால் மலம் கறுப்பாகும், பசைபோல் குடலில் ஒட்டும். அதனால்தான் ஏழு நாளுக்கு முன்னமே நிறுத்தவேண்டும். கீரை, கொய்யாப்பழம், வெண்டிக்காய், குரக்கன் எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாளுக்கு முன்பே விடவேண்டும். வெள்ளைச் சோறு, பாண், மீன், முட்டை போதும். பரிசோதனைக்கு முந்தின நாள் பிளேன்டீ, இளநீர், தெளிந்த சூப் மட்டும். நெக்டோ சோடா குடிக்க வேண்டாம், சிவப்பு நிறம் உள்ளே இரத்தம்போல் காட்டும். நீரிழிவுக் குளிசை எடுக்கிறவர்கள் அன்றைக்கு எதை விடுவது என்று கட்டாயம் கேளுங்கள், வெறும் வயிற்றில் சீனி இறங்கிவிடும்.

இன்னொன்று, மருந்தைக் குடித்துவிட்டு பஸ் ஏறாதீர்கள். முதல் தரம் நான் ஏறினேன். வெளிக்குப் போய் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கந்தளாய் தாண்டியதும் வயிறு பேசத் தொடங்கியது. ஹபரணையில் கொண்டக்டரிடம் கெஞ்சி இறங்கி ஓடினேன். திரும்பி வந்தபோது பஸ் முழுக்க என்னையே பார்த்தது. பக்கத்துச் சீட்டு ஆச்சி மட்டும் ஒரு இஞ்சி டொபியை நீட்டினார்.

இரண்டாம் தரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்து, மச்சானையும் கூட்டிக்கொண்டு போய், பாதி மருந்தை இரவிலும் பாதியை விடியவும் குடித்தேன். கடைசியில் தேத்தண்ணி வடித்ததுபோல் தெளிந்த மஞ்சள் தண்ணிதான் வந்தது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்படுவேன் என்று நான் நினைத்ததேயில்லை.

குடலின் இடப்பக்கத்தில் ஒன்றரைச் சென்டிமீட்டரில் ஒரு பொலிப், குடல் சுவரில் வளரும் சின்னக் கட்டி. அங்கேயே வெட்டி எடுத்தார்கள். ரிப்போட் வரும்வரை வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடினோமா, புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் வருடக்கணக்கில் அது அப்படி மாறவும் கூடும் என்றார்கள். மூன்று வருசத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், என்னை ஓடவைத்தது அந்தப் பொலிப் இல்லையாம். கிளினிக் கொப்பியைப் புரட்டிய டொக்டர், கலியாண வீட்டுக்கு முந்தின கிழமைதான் என்னுடைய நீரிழிவுக் குளிசையான மெட்போமின் கூட்டப்பட்டிருப்பதைக் காட்டினார். மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றினார், பத்து நாளில் வயிறு அடங்கியது. புரியாணி போட்டவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அந்தத் துண்டை எங்கள் தெருவில் சிங்களம் படித்த ஒரு தங்கச்சி வரிக்கு வரி தமிழில் எழுதித் தந்தாள். இருபது பிரதி அடித்துக் கொண்டுபோய் அந்த மிஸ்ஸிடம் கொடுத்தேன். ஒன்றை எடுத்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகினார். இரும்புக் குளிசை வரியில் மட்டும் நான் இரண்டு கோடு போட்டிருந்தேன்.