போரர் பார்க்கப் பழக்கிய அனுபவம்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். போன வருடம், போரர் என்ற வண்டின் புழு புகுந்த காபிச் செடிகளைக் கண்டுபிடிக்க எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் தடவை மோசமாகப் போனது. இரண்டாம் தடவை ஓரளவு சரியாக வந்தது. ஆட்களுக்கு வேலை பழக்கும் இடத்தில் இருக்கிற யாருக்காவது பயன்படும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

அரபிகா காபிக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். நாங்கள் சுருக்கமாகப் போரர் என்போம். வண்டு வருடத்தில் இரண்டு பருவம் பறக்கும்: ஏப்ரல், மே ஒன்று; அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. நிழல் குறைந்து வெயில் படுகிற செடியாகப் பார்த்து, தண்டின் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு முதலில் பட்டைக்கு அடியில் தின்னும், பிறகு கட்டைக்குள் போய்விடும். அதற்கப்புறம் மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. வண்டு வெளியே வருவதற்குள் செடியைக் கண்டுபிடித்து, பிடுங்கி எரிப்பதுதான் வழி. அதனால் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் ஆட்கள் வரிசை வரிசையாகப் போய்ச் செடி செடியாகப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் முதல் பயிற்சி. வேலை முடிந்த பிறகு, குடோனில் நாற்பது பேரை உட்காரவைத்து, புரொஜெக்டரில் படம் காட்டினேன். வண்டின் வாழ்க்கைச் சுழற்சி, ஓட்டை விழுந்த தண்டு, காய்ந்த செடி எல்லாம் இருந்தது. ஒன்றரை மணி நேரம் பேசினேன். டீ, வடை, கையெழுத்து. எல்லாரும் நல்லா இருந்துச்சு சார் என்றார்கள். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

மார்ச் நடுவில், பார்த்து முடித்த பிளாக்கில் நானே நான்கு வரிசை திரும்பப் பார்த்தேன். புழு உள்ள செடிகள் அப்படியே நின்றன. அதைவிட வேதனை, பிடுங்கிப் போட்டிருந்த குவியலில் சில தண்டுகளைப் பிளந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. நல்ல செடிகள். ஒரு காபிச் செடி நட்டு மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் காய்க்கிறது.

யார் மேல் தவறு என்று யோசித்தபோது என் படங்கள்தான் நினைவுக்கு வந்தன. நான் காட்டியது ஓட்டையை. அது வண்டு வெளியேறின பிறகு தெரிகிற அடையாளம். ஆட்கள் நான் காட்டினதைத்தான் தேடியிருக்கிறார்கள். ஓட்டை இல்லாத செடியை விட்டுவிட்டார்கள். வாடியிருந்த செடியை, வேறு காரணத்தால் வாடியிருந்தாலும், பிடுங்கிவிட்டார்கள்.

சேலத்தில் ஒரு நூற்பாலையில் பயிற்சிப் பிரிவில் இருக்கும் என் மைத்துனரிடம் இதைச் சொன்னேன். "மாப்ளே, நீங்க பூச்சியைப் பத்திப் பாடம் எடுத்திருக்கீங்க. அவங்க கை என்ன செய்யணும்னு சொல்லவே இல்லையே" என்றார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைச் சீக்கிரம் பழக்குவதற்கு ஒரு நான்கு படி முறை வந்ததாம்: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய விடு, பிறகு போய்ப் பார். ஆள் கற்கவில்லையென்றால் கற்றுத்தந்தவர் சரியாகக் கற்றுத்தரவில்லை என்பது அதன் அடிப்படை. இன்னொன்றும் சொன்னார். 1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் பயிற்சியை நான்கு கட்டமாக அளக்கச் சொன்னார்: ஆட்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அது தெரிகிறதா, பலன் வந்ததா. நான் முதல் கேள்வியோடு நின்றிருந்தேன்.

அப்புறம்தான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். எங்கள் தோட்டத்தில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் பார்த்த வரிசையில் செடி தவறாது என்று மேஸ்திரியே சொல்வார். இரண்டு நாள் அவர் பின்னாலேயே நடந்தேன். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால், "பாத்தா தெரியும் தம்பி" என்பதோடு சரி. அதனால் கேட்பதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பார்த்தேன்.

இடது கையால் கிளைகளை ஒதுக்குகிறார். காலால் தூரில் கிடக்கும் சருகைத் தள்ளுகிறார். வலது கைக் கட்டைவிரலை மண்ணை ஒட்டி வைத்து, தண்டைச் சுற்றிக்கொண்டே மேலே கொண்டுபோகிறார். புழு தின்ற இடத்தில் பட்டை லேசாகப் புடைத்து, முழங்கை நரம்பு மாதிரி ஒரு மேடு ஓடும். விரல் அதில் பட்டதும் நிற்கிறது. கத்தி முனையால் அந்த இடத்தை மட்டும் சீவுகிறார். உள்ளே மரத்தூள் போல இறுக்கி அடைத்த புழு எச்சம்.

கவனிக்கக் கவனிக்க அவரே சொல்லாத விஷயங்கள் கிடைத்தன. சரிவில் நிற்கும்போது நமக்குத் தண்டின் ஒரு பக்கம்தான் தெரியும். அவர் ஒவ்வொரு செடியிலும் கையைப் பின்பக்கம் கொண்டுபோகிறார். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம் விழுந்து வெயில் இறங்குகிற இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார். களைக்கொத்து பட்டு ஆறின தழும்பும் மேடாகத்தான் இருக்கும். "அக்கா, இதை ஏன் விட்டீங்க?" என்றேன். "இது இங்கயே நிக்குது பாருங்க. போரர் மேடு நிக்காது, சுத்திக்கிட்டுப் போகும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் படங்கள் எல்லாவற்றையும் விடப் பெரியது. நல்ல செடிகள் பிடுங்கப்பட்டதற்குப் பாதிக் காரணம் அந்தத் தழும்புகள்தான்.

செப்டம்பரில் இரண்டாம் பயிற்சி. குடோனை விட்டுவிட்டோம். ஆறு ஆறு பேராக, காலை பேர் கூப்பிட்டு முடிந்ததும் நேராகச் செடிக்கே போனோம். மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிடம். கூலி நேரத்திலேயே. இதற்கு முதலாளியிடம் கொஞ்சம் மன்றாட வேண்டியிருந்தது, ஆனால் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. சாயங்காலம் பஸ்ஸையும் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எதைக் கேட்பார்?

முதல் நாள் அக்கா செய்து காட்டினார், ஒவ்வொருவர் விரலையும் பிடித்து மேட்டின் மேல் வைத்தார். இரண்டாம் நாள் இருபது செடிகளுக்கு நூல் கட்டி வைத்தோம். புழு உள்ளது, இல்லாதது, தழும்பு உள்ளது எல்லாம் கலந்து. ஒருவர் பார்க்கும்போது மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். புழு இருக்கிறது என்று நினைத்தால் என்னிடம் வந்து மெதுவாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எழுத வேண்டியதில்லை, யாரும் யாரையும் பார்த்துச் சொல்லவும் முடியாது. கடைசியில் எல்லார் முன்னாலும் சீவிப் பார்த்தோம். சந்தேகம் வந்த ஒரு தண்டை அறுத்துப் பிளந்தபோது, வெள்ளையாகப் புழு நெளிந்தது. அத்தனை தலைகளும் குனிந்தன. மூன்றாம் நாள், முந்தின நாள் தவறவிட்டவற்றை மட்டும்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போனேன். ஒவ்வொருவர் வரிசையிலும் பத்துச் செடி நான் பார்ப்பேன். தவறியிருந்தால் அவரைக் கூப்பிட்டு அவர் விரலாலேயே தேடவைப்பேன். மாதம் கழித்து இன்னொரு முறை. மார்ச்சை விட நிலைமை எவ்வளவோ மேல். நல்ல செடி பிடுங்குவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

ஆனால் ஒரு குழு மட்டும் செடிகளை விட்டுக்கொண்டே இருந்தது. நூல் கட்டின செடியில் நன்றாகக் கண்டுபிடித்தவர்கள்தான். விசாரித்தால், அவர்களுடைய மேஸ்திரி ஒரு நாளைக்கு இத்தனை செடி முடிக்க வேண்டும் என்று கணக்குக் கேட்டிருக்கிறார். அந்த வேகத்தில் கை பின்பக்கம் போகாது. இன்னொரு பயிற்சி போட்டிருந்தால் வீண். மேஸ்திரியிடம் பேசி எண்ணிக்கையைக் குறைத்தோம், அடுத்த வாரமே சரியாகிவிட்டது.

இப்போது பழம் பறிப்புக்கும் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். கூடையில் பச்சைக்காய் அதிகமாம். நான் இன்னும் ஒன்றும் தயாரிக்கவில்லை. எடை போடும் இடத்தில் மூன்று நாள் நின்று பார்த்தேன். எல்லாருக்கும் எது பழம், எது காய் என்று நன்றாகவே தெரிகிறது. கூலி கிலோவுக்கு, தராசில் காயும் பழமும் ஒன்றாகவே ஏறுகின்றன. அதனால் இந்த வாரம் முதலாளியிடம் கூலிக் கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.